பறைக்கு இஸ்திரி போட்ட நாள்

மேடைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். உங்கள் மனதில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் மேடை நிர்வாகியாக இருந்த பல்லாவரத்துப் பாய் எப்படியெல்லாம் சமாளித்தார், எப்படியெல்லாம் ஜெயித்தார் என்று நாலு கதை வரும். பிரின்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஜெயித்த கதைகளை எல்லாக் கல்யாண வீடுகளிலும் பிரியாணிக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லித் தீர்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒன்றுதான். என் அதிபுத்திசாலித்தனத்தால் ஒரு பெண்ணின் பறையைக் கிழித்த கதை அது. சுவரில் ஒட்டுவது உங்கள் இஷ்டம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் பார்த்த விழா கேளம்பாக்கத்தில் நடந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பல நாடுகளில் நடத்தும் இசை விழா. பூமியைக் காப்பது, எல்லாப் பண்பாடுகளையும் கொண்டாடுவது என்று அதற்கு இரண்டு நோக்கங்கள். இரண்டும் நல்லவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டையும் விதிப்புத்தகத்தில் எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாதவர்கள் போலிருந்தது. ஒன்பதாம் பக்கம், விழா நடக்கும் ஊரின் மரபுக் கலை கட்டாயம் மேடையேற வேண்டும் என்றது. பதினான்காம் பக்கம், வளாகத்துக்குள் தீ கூடாது, புகை கூடாது, டீசல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது என்றது. ஒன்பதாம் பக்கத்தைப் படித்ததும் எனக்குச் செல்வியின் ஞாபகம் வந்தது. பதினான்காம் பக்கத்தைப் படித்ததும் அவரை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற யோசனை வந்தது.

செல்வி திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். வாரத்தில் ஆறு நாள் இரும்பு கடைவார், ஏழாம் நாள் பறை அடிப்பார். கணவர் சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இவர்களோடு சேர்த்து ஆறு பேர் கொண்ட குழு. அதற்கு முன் மூன்று விழாக்களுக்கு அவர்களை நானே அழைத்திருக்கிறேன். மூன்றிலும் வாசல் கேட்டில்தான் நிற்க வைத்தோம், வருகிறவர்களை வரவேற்க. மேடையில் ஏறுகிறவர்களுக்குக் கழுத்தில் ‘கலைஞர்’ என்று அட்டை தொங்கும். கேட்டில் நிற்பவர்களுக்கு ஒரு மோர் பாக்கெட். இதில் தப்பு இருப்பதாக எனக்கு மூன்று முறையும் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன் செய்தபோது அவர் முதலில் கேட்டதே அதுதான்.

“பாய், மேடையா, கேட்டா?”

“மேடை செல்விம்மா. சாயங்காலம் அஞ்சு மணி, இருபது நிமிஷம். என் வார்த்த.”

“ஒங்க வார்த்தய நம்பிதான் லீவு போடப் போறேன். எங்க பட்டறைல லீவு கேட்டா மூஞ்சிய இன்னா மாரி வெச்சுப்பாங்கோன்னு ஒங்களுக்குத் தெரியாது. மறுபடியும் கேட்டாண்ட நிக்க வெச்சீங்கோ, அத்தோட நம்ம பேச்சு கட்.”

அந்த வார்த்தையைக் காப்பாற்ற நான் கையில் எடுத்த ஆயுதம் விண்ணப்பப் படிவம். வாத்தியம் எதனால் ஆனது என்று ஒரு கேள்வி. தோல் என்று எழுதினால் வெளிநாட்டிலிருந்து நாலு மின்னஞ்சல் வரும். ‘மரம் மற்றும் மக்கும் பொருள்’ என்று எழுதினேன். அடுத்த கேள்வி, நிகழ்ச்சியின்போது மேடையில் தீ பயன்படுத்தப்படுமா என்பது. ‘இல்லை’ என்று போட்டேன். பறையை யாரும் மேடையில் காய்ச்சுவதில்லையே, மேடைக்குப் பின்னால்தானே காய்ச்சுகிறார்கள்! இப்படி ஒரு பொய்கூட இல்லாமல் ஒரு முழுப் பொய்யை எழுதி முடித்துவிட்டு, அன்றைக்கு வீட்டில் இரண்டு கப் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பறை காய்ச்சுவதைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வரி. பறையின் தோல் ஈரக் காற்றில் தளர்ந்துபோகும். அடித்தால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வரும். வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, பறையின் முகத்தைச் சூட்டில் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். தோல் இறுகினால்தான் குரல் திறக்கும். இந்த விஷயம் எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா ஜனவரியில். காலையிலிருந்து தூறல். கேளம்பாக்கத்துக் காயல் காற்றுக்கு அப்பளமே நமத்துப்போகும், தோல் எம்மாத்திரம்? இரண்டு மணிக்குச் செல்வி குழு வந்து இறங்கியது. ஆறு பறை, ஒரு சாக்கு வைக்கோல். மேடைக்குப் பின்னால் சாக்கை இறக்கிய அடுத்த நிமிஷம் கீர்த்தனா வந்து நின்றார்.

கீர்த்தனா அந்த விழாவின் சுற்றுச்சூழல் அதிகாரி. இருபத்தைந்து வயதிருக்கும், சேலையூர்ப் பெண். கையில் எப்போதும் ஒரு டேப்லெட். இதுதான் முதல் பெரிய வேலை என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்.

“அங்கிள், இது என்ன?”

“வைக்கோல்மா. உட்கார.”

“ஆறு பேர் உட்கார ஒரு மூட்டை வைக்கோலா? தீப்பெட்டி எதுக்கு?”

அன்றைய பெரிய பாடகர் கடல் தாண்டி விமானத்தில் நாற்பது பெட்டிகளோடு வந்திருந்தார். அந்த விமானப் புகைக்கு ஈடாக எங்கேயோ மரம் நடுகிறார்களாம். “இந்த ஒரு மூட்டைக்கு ஈடா நானும் எங்க வீட்டு வாசல்ல ஒரு முருங்கைக் குச்சி நட்டுடறேன்மா” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வளாகத்தில் அனுமதி இல்லாமல் ஒரு இடத்தில் புகை எழுந்தாலும் விழாவுக்குச் சான்றிதழ் போய்விடும், தன் வேலையும் போய்விடும் என்றார். கார் நிறுத்தும் இடமும் வளாகத்தில் சேர்த்தி. அதைத் தாண்டினால் பஸ் பறக்கும் ஓ.எம்.ஆர். சாலை. சாக்கு பாதுகாப்பு அறைக்குப் போனது.

செல்வி என்னைப் பார்த்தார். “இன்னா பாய், எல்லாம் பேசி வெச்சிருக்கேன்னீங்கோ?”

“பேசிட்டுதான் இருக்கேன். நீங்க போய்க் கையில பட்டை கட்டிக்கினு வாங்க, நான் பாத்துக்கறேன்.”

இந்தத் தொழிலில் ‘நான் பாத்துக்கறேன்’ என்று யாராவது சொன்னால் உடனே எச்சரிக்கையாகிவிடுங்கள். அவர்கள் அடையாளப் பட்டை வாங்கும் வரிசையில் நிற்கப் போனதும் நான் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் மேடை விளக்கு. பழைய காலத்து விளக்காக இருந்தால் எதிரில் ஐந்து நிமிஷம் காட்டினால் வடாமே காய்ந்துவிடும். பூமியைக் காப்பதற்காக அத்தனையும் எல்.இ.டி. தொட்டுப் பார்த்தேன், ஃபிரிட்ஜ் மாதிரி இருந்தது. அடுத்து, டீசலுக்குப் பதில் பேட்டரி கரன்டில் ஓடிய ஒப்பனை அறையில் தலைமுடி உலர்த்தும் கருவி. அதைப் பறைமேல் பிடித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, கீர்த்தனாவின் குரல் வாக்கிடாக்கியில் வந்தது. “ஒப்பனை அறையில யாரோ பேட்டரி லிமிட்டைத் தாண்டி கரன்ட் எடுக்கறாங்க. அங்கிள், நீங்களா?” நான் தலை சீவிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். என் தலையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு இஸ்திரி வண்டி கண்ணில் பட்டது. கரி இஸ்திரி. வளாகத்துக்கு வெளியே. பதினான்காம் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பறை அடுக்கில் மேலே இருந்ததைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். அது செல்வியின் பறை.

இஸ்திரிக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா பாய், மேளத்துக்கு இஸ்திரியா?”

“பட்டுப் புடவைக்குப் போடுவீங்கல்ல, மேல துணி விரிச்சு லேசா, அந்த மாதிரி.”

“கிய்ஞ்சுதுன்னா என்னியக் கேக்கக் கூடாது. நீயே போட்டுக்கோ.”

நானே போட்டேன். துணி விரித்து, பெட்டியை ஒரு சுற்று ஓட்டி, விரலால் தட்டினேன். கணீரென்றது! இஸ்திரிக்காரரே “அட” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷ அனுபவம் என்றால் சும்மாவா? அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று இன்னொரு சுற்று ஓட்டினேன். அவசரத்தில் துணி விரிக்க மறந்துவிட்டேன்.

டப் என்று ஒரு சத்தம். தோல் நடுவிலிருந்து ஓரம்வரை கிழிந்தது.

சாலையைத் திரும்பக் கடக்கும்போது ஒரு பொய் வாயில் தயாராக இருந்தது. ஈரத்தில் தானாகவே விட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம், யார் கண்டார்கள்? பறையைத் திருப்பிப் பார்த்தேன். கிழிசலுக்குப் பக்கத்தில் முக்கோணமாக, பழுப்பாக, இஸ்திரிப் பெட்டியின் தடம் அச்சு அசலாக விழுந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

செல்வியிடம் போய் இரண்டு கையாலும் நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பறையை வாங்கி அந்தத் தடத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“ஒங்கள யாரு தொடச் சொன்னது?”

“நேரமாச்சேன்னு...”

“நேரமாச்சுன்னா என்னியல்ல கூப்புடணும்? எங்க பட்டறைல நான் ஓட்டற லேத்த எங்க ஓனருகூட என்னியக் கேக்காம தொட மாட்டாரு.” குரல் ஏறியது. “ஒண்ண மட்டும் தனியா காச்ச முடியாது பாய். ஆறு பேரும் நெருப்ப சுத்தி நின்னு, ஒருத்தர் சத்தத்த ஒருத்தர் கேட்டுக்கினு காச்சணும். அப்பதான் ஆறும் ஒரே வாய் பேசும். ஒண்ணு மட்டும் கணீர்னு கெடந்தா அத வெச்சுக்கினு இன்னா பண்றது?”

வெட்கமாக இருந்தது. எத்தனை வருஷம் மேடைக்குப் பின்னால் அந்த நெருப்பைப் பார்த்திருக்கிறேன். குளிருக்குக் கூடி நின்று அரட்டை அடிக்கிறார்கள் என்று நினைத்து, “சீக்கிரம், சீக்கிரம்” என்று எத்தனை முறை விரட்டியிருக்கிறேன். அவர்கள் அங்கே செய்தது சவுண்ட் செக் என்பது அந்த வினாடிதான் எனக்கு உறைத்தது.

மணி மூன்றே முக்கால். இதற்குள் கீர்த்தனாவும் சத்தம் கேட்டு வந்துவிட்டார். செல்வி திட்டுவதைச் சட்டென்று நிறுத்தி மூக்கைத் தூக்கினார்.

“மேடம், நெருப்பே கூடாதுன்னீங்கோ. விறகுப் பொக வாசன வருதே, எங்கேந்து?”

“அது ஃபுட் ஏரியாவுல. கேழ்வரகுக் கூழ் ஸ்டால். ட்ரெடிஷனல் குக்கிங்னா விறகடுப்புக்கு விதிவிலக்கு இருக்கு. முப்பத்தோராம் பக்கம்.”

நான் பதினான்காம் பக்கத்தோடு புத்தகத்தை மூடி வைத்தவன். விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள் என்று பிற்பாடு நான் எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். காரணம் இதுதான்.

“கூழுக்கு வெச்சா பாரம்பரியம், பறைக்கு வெச்சா பொகையா?” என்றார் செல்வி.

கீர்த்தனா டேப்லெட்டைப் பார்த்தார், எங்கள் ஆறு பறைகளையும் பார்த்தார். எனக்கு அவரை நினைத்தும் கவலையாக இருந்தது. முதல் வேலை, பாவம். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அங்கிள்” என்றார். அப்புறம் மெதுவாக, “அந்த அடுப்பை ஸ்டால்காரங்கதான் மூட்டணும்னு ரூல். மூட்டின அடுப்புப் பக்கத்துல யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு ஒண்ணும் போடலை” என்றார். போகிற போக்கில் திரும்பி, “உங்க ஃபார்ம் படிச்சேன் அங்கிள். ‘மக்கும் பொருள்’. அப்பவே தெரியும்” என்றார்.

கூழ்க்காரம்மா ஆட்சேபிக்கவில்லை, பானையைக் கொஞ்சம் நகர்த்திக்கூடக் கொடுத்தார். ஐந்து பேர் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவராக நின்று செல்வி காதைக் கொடுத்தார். தன் பறையை அவரிடம் கொடுத்துவிட்டு, சேகர் காலில் சலங்கை கட்ட உட்கார்ந்துவிட்டார். “எப்படா ஆட விடுவாங்கன்னு இருந்தேன் பாய், ஒங்க புண்ணியம்” என்று காதில் கிசுகிசுத்தார். விரல்கள் தட்டின, ஒரு குரல் ஏறியது, இன்னொன்று அதைத் தேடி வந்தது. இருபது நிமிஷத்தில் ஐந்தும் ஒரே குரலாயின. சரிபார்ப்பதற்காக ஒரு சுற்று அடித்தார்கள். அவ்வளவுதான், கூழ்க் கிண்ணத்தோடு இருந்த கூட்டம் அப்படியே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது.

வந்த ஆபத்தும் அதனால்தான். விழா இயக்குநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர், கண் பளபளவென்றிருந்தது. அடுத்த வருஷம் எந்தக் குழு எந்த நாட்டுக்குப் போகும் என்று முடிவு செய்கிறவரும் அவர்தான்.

“அற்புதம்! எவ்வளவு இயல்பாக இருக்கிறது, நெருப்பு, உணவு, மேளம்! இவர்களுக்கு மேடை எதற்கு? இங்கேயே வாசிக்கட்டும். அந்த ஐந்து மணியைப் பெரிய பாடகரின் ஒத்திகைக்குக் கொடுத்துவிடலாம்” என்று என் தோளைத் தட்டினார்.

செல்விக்கு அந்த இங்கிலீஷ் முழுதும் புரிந்திருக்காது. என் முகம் புரிந்தது. “கேட்டு போயி அடுப்பாண்ட வந்தாச்சு. அவ்ளோதான?” என்றார்.

முப்பது வருஷமாக இயக்குநர்களுக்கு நான் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: “யெஸ் சார்.” அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பாராட்டிக்கொண்டே இறக்கிவிடுகிறவரை எதிர்த்துப் பேசுவது, திட்டுகிறவரை எதிர்ப்பதைவிடக் கஷ்டம் தம்பிகளா, தங்கைகளா. விதிப்புத்தகத்தைப் பிரித்தேன். முப்பத்தோராம் பக்கம்வரைதான் எனக்குத் தெரியும், ஆனாலும் பிரித்தேன்.

“சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா உணவுப் பகுதியில சத்தத்துக்கு ஏதோ அளவு உண்டே...” என்று இழுத்தபடி கீர்த்தனாவைப் பார்த்தேன்.

“முப்பத்து மூணாம் பக்கம்” என்றார் அந்தப் பெண், கண் சிமிட்டாமல். டேப்லெட்டைத் திருப்பி இயக்குநரிடம் காட்டினார். அந்தச் சுற்றின் உச்ச ஒலியளவைக் காட்டிய முள் சிவப்பில் நின்றது. “சாப்பிடறவங்க பேசிக்கறது கேட்கணும் சார். இவங்க ஒரு ரவுண்டுலயே தாண்டிட்டாங்க. இந்தச் சத்தத்துக்கு அனுமதி மேடையில மட்டும்தான்.”

இயக்குநர் முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தான் ஒப்புதல் கொடுத்த புத்தகம். “விதி விதிதான்” என்றார் கடைசியில். “ஐந்து மணி, மேடை.”

நான் செல்வியிடம் ஓடினேன். “செல்விம்மா, மேடைதான்! வாங்க, நான் முன்னாடி நின்னு...”

“நீங்க எங்க வரீங்கோ?” என்றார். கிழிந்த பறையை எடுத்து அதன் வாரை என் கழுத்தில் மாட்டினார். “என் பறையக் கிய்ச்சதுக்கு தண்டன கீதுல்ல? நாங்க மேடைல கீறோம். கேட்டுல ஆளு இல்ல. போய் நின்னு வர்றவங்கள கும்புட்டு உள்ள அனுப்புங்க பாய்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போனேன்.

அடுத்த வருஷம் அவர்களை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்பீர்கள். அழைப்பு வந்தது, கூடவே இன்னும் தடிமனான ஒரு விதிப்புத்தகமும் வந்தது. படிவத்தை இப்போதெல்லாம் செல்வியே நிரப்புகிறார். வாத்தியம் எதனால் ஆனது என்ற இடத்தில் ‘தோல்’ என்றும், தேவை என்ற இடத்தில் ‘நெருப்பு, இருபது நிமிஷம், ஆறு பேரும் சேர்ந்து’ என்றும் எழுதுகிறாராம். நாலு மின்னஞ்சல் வருகிறதாம், நாலுக்கும் பதில் போடுகிறாராம். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. தம்பிகளா, தங்கைகளா, உங்கள் மேடைக்கு வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். நான் கேட்டிருந்தால் என் கதை இங்கே நீண்டிருக்காது.

அன்றைக்குக் கேட்டில் நின்றேன். கழுத்தில் இஸ்திரித் தடம் விழுந்த பறை. மேடைக்குப் பின்னால் நின்றே வாழ்க்கை கழிந்தவனுக்கு வாசலில் நிற்பது அதுதான் முதல் முறை. வருகிற யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் கார் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். ஒரு அம்மா கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒரு பையன் என் கழுத்தில் கிடந்த பறையோடு செல்ஃபி எடுத்தான். படத்தில் பறை மட்டும் வந்தால் போதும் என்று என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். மூன்று விழாக்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து மணி நேரம், அவர்களை நான் இங்கேதான் நிறுத்தியிருந்தேன். கண்ணில் நீர் வந்தது, தூறல் என்று சமாளித்தேன்.

சரியாக ஐந்து மணிக்கு உள்ளேயிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. ஐந்து பறை, ஒரே வாய். குடும்பத்தோடு அவசரமாக வந்த ஒருவர் என் முன்னால் நின்றார். என் கழுத்தில் கிடந்ததைப் பார்த்தார், சத்தம் வந்த திசையைப் பார்த்தார், குழம்பினார்.

“அண்ணா, அந்தப் பறை எங்க அடிக்கறாங்க?”

“மேடைல சார்” என்றேன்.